வேலையின்மையும் குறைவு, பணவீக்கமும் குறைவு என்கிறார்களே, நம் ஊரில் ஏன் அப்படித் தெரியவில்லை?

தேவகோட்டையிலிருந்து பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாட்டில் வேலையின்மை 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. பணவீக்கமும் இறங்கிவிட்டது என்கிறார்கள். எங்கள் தெருவில் டிகிரி முடித்த பையன்கள் வேலை கிடைக்காமல் இருக்கிறார்கள். மளிகைக் கடையில் எந்தச் சாமானும் விலை குறையவில்லை. பாடத்தில் பிலிப்ஸ் வளைகோடு வேறு இருக்கிறது. ஒன்று குறைந்தால் மற்றது கூடும் என்கிறது. அப்படியானால் இரண்டும் சேர்ந்து எப்படிக் குறையும்? எதை நம்புவது?"

தம்பி, அந்த எண்கள் பொய் இல்லை. உங்கள் தெருவில் நீங்கள் பார்ப்பதும் பொய் இல்லை. அந்த எண்கள் எந்தக் கேள்விக்குப் பதிலாக எடுக்கப்பட்டவை என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு பிலிப்ஸிடம் போக வேண்டும். காரைக்குடியில் பல வருடங்களாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாணவர்கள் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அது எதை அளக்கிறது என்பதை விட்டுவிடுவதுதான் எனக்கு எப்போதும் உள்ள கவலை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் விலை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய உளுந்து போன வருடம் 110 ஆனால் பணவீக்கம் 10 சதவீதம். அதே உளுந்து இந்த வருடம் 113 ஆனால் பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழ். "பணவீக்கம் இறங்கியது" என்று செய்தி வரும், அது சரியும்கூட. ஆனால் உங்கள் அம்மா கடையில் எடுத்துக் கொடுப்பது 113 ரூபாய். பழைய 100 ரூபாய் உளுந்து திரும்பி வராது. விலைகளே பொதுவாகக் கீழே இறங்கினால் அது பணவாட்டம். அது நல்ல விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன், நம் ஊர்க்காரர்கள் அதில் பட்ட பாடு பெரியது.

இன்னொரு விஷயம், இந்தக் கணக்கு போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. 2024 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம். காய்கறி மட்டும் ஒரு வருடத்தில் 42 சதவீதம் ஏறியிருந்தது. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு வந்தது. காய்கறி 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. ஜிஎஸ்டி குறைப்பும் அந்த நேரத்தில் கொஞ்சம் உதவியது. இப்போது பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள். 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய காய் ஒரு வருடத்தில் 142 ஆகி, அடுத்த வருடம் ஏறக்குறைய 103க்கு வந்திருக்கிறது. 27 சதவீத இறக்கம் என்று தலைப்பில் படிக்கும்போது காய்கறி சல்லிசாகிவிட்டது போல இருக்கும். உண்மையில் இரண்டு வருடத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்கு ஒரு படி மேலேதான் நிற்கிறது. போன வருடத்தின் ஏற்றம் அதிகமாக இருந்ததால் இந்த வருடத்தின் எண் குறைவாகத் தெரிகிறது. பாடத்தில் இதை அடிப்படை விளைவு என்பார்கள்.

அப்புறம், யாருடைய கூடை, அதாவது யார் எதற்கு எவ்வளவு செலவழிப்பதை வைத்துக் கணக்கு என்பதும் முக்கியம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களுக்கான எடை மொத்தத்தில் 45.86 சதவீதம். கிராமத்துக்குத் தனியாக எடுத்தால் 54.18, நகரத்துக்கு 36.29. கூலி வாங்கி அன்றன்று அரிசி பருப்பு வாங்கும் வீட்டில் உணவுக்குப் போகும் பங்கு இந்தச் சராசரியையும் தாண்டும். அரிசியும் எண்ணெயும் ஏறி, செல்போனும் துணியும் விலை ஏறாமல் இருந்தால் குறியீடு அமைதியாக இருக்கும், அந்த வீடு அமைதியாக இருக்காது. சராசரி என்பது நாடு முழுவதற்குமானது. ஒரு வீட்டின் விலைவாசியை அது சொல்ல முடியாது, சொல்வதாக அது உரிமை கொண்டாடவும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். இங்கேதான் உங்கள் தெருவுக்கும் புள்ளிவிவரத்துக்கும் தூரம் அதிகம்.

வேலையின்மை விகிதத்தை மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேர் என்று கணக்கிடுவதில்லை. வேலை செய்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருக்கிறவர்கள், இவர்கள் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. அதில் வேலை கிடைக்காதவர்களின் பங்குதான் வேலையின்மை விகிதம். ஒரு ஊரில் 15 வயதுக்கு மேல் 100 பேர். 53 பேர் ஏதோ வேலை செய்கிறார்கள், 2 பேர் தேடுகிறார்கள், 45 பேர் படிக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள் அல்லது வயதாகிவிட்டவர்கள். விகிதம் 55-ல் 2, அதாவது 3.6 சதவீதம். வேலை கிடைக்கவில்லை என்பதற்காகவே இரண்டாவது எம்.ஏ.வில் சேர்ந்த பையன் அந்த 45-ல் இருப்பான். தேடித் தேடி அலுத்து, இனி வேண்டாம் என்று விட்டுவிட்ட பெண்ணும் அங்கேதான். ஒருவர் நம்பிக்கை இழந்து தேடுவதை நிறுத்தினால் வேலையின்மை விகிதம் குறைந்துவிடும். இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதீர்கள் என்று என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

வேலை செய்கிறவர் என்பதற்கான அளவுகோலும் தாராளமானது. 2017-18 முதல் நடக்கும் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பில், வாராந்தர நிலைப்படி, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் உள்ளவர்தான். வழக்கமான நிலை என்ற கணக்கில் ஒரு வருடத்தில் துணை வேலையாக 30 நாள் செய்திருந்தாலும் போதும். அப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் கல்லாவில் உட்காரும் பையனும், குடும்பத் தொழிலுக்கு உதவி செய்பவன் என்ற வகையில் வேலையில் இருப்பவனே. நீங்கள் குறிப்பிட்ட 3 சதவீதச் சொச்சம் இந்த வழக்கமான நிலைக் கணக்கில் வந்தது: 2017-18-ல் 6.1 ஆக இருந்தது, 2023-24-ல் 3.2. அதே 2023-24-ல் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் பார்த்தால் 10.2 சதவீதம். உங்கள் தெருப் பையன்கள் இந்த எண்ணில்தான் இருக்கிறார்கள். அதே வருடத்தில் வேலையில் உள்ளவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் வகையில் வந்தார்கள். 2017-18-ல் அது 52.2.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள், இந்தச் சிக்கல் கண்ணுக்கு நேராகத் தெரியும். கண்ணாடித் துண்டை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, பூ அச்சை அதன்மேல் பொருத்தி, சாயம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும். கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகம் பளபளவென்று இருக்கும். கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்கிற வேலை, மெஷினுக்கு இதில் இடமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைக்க வெயில் இல்லாவிட்டால் உற்பத்தி குறையும், அன்றன்றைய கூலியை நம்பி இருப்பவருக்கு வருமானமும் குறையும். அந்த வாரம் இரண்டு நாள் அரைகுறையாக வேலை செய்தவர் புள்ளிவிவரத்தில் வேலையில் இருப்பவர். அவர் வீட்டில் அது வேலையில்லாத வாரம்.

நம் நாட்டில் வேலை இழந்தால் அரசு மாதாமாதம் பணம் தரும் பரவலான ஏற்பாடு கிடையாது. அதனால் ஏழைகள் வேலையில்லாமல் இருக்கவே முடியாது. கிடைத்ததைச் செய்தாக வேண்டும், தள்ளுவண்டியாவது போட வேண்டும். வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க முடிகிறவர், பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ சாப்பாடு போடும் வீட்டுப் பிள்ளை. படித்தவர்களிடையே வேலையின்மை கூடுதலாகவும் படிக்காதவர்களிடையே குறைவாகவும் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். நம் நாட்டின் நோயை வேலையின்மை விகிதம் முழுதாகக் காட்டாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்த கூலி, குறைந்த நாள், மூன்று பேர் செய்ய வேண்டிய கடை வேலையில் ஐந்து பேர் இருக்கும் மறைமுக வேலையின்மை, இவைதான் இங்கே பெரிய அளவில் இருக்கின்றன.

வேலையின்மையின் வகைகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள், எல்லாவற்றையும் திரும்ப எழுதவில்லை. அமைப்புசார் வேலையின்மை மட்டும் செட்டிநாட்டில் நன்றாகத் தெரியும். பழைய வீடுகளை விடுதியாக மாற்றவும் பழுது பார்க்கவும் ஆள் தேடுகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரும் பழைய மர வேலை தெரிந்த ஆசாரியும் எளிதில் கிடைப்பதில்லை. அதே ஊரில் பொறியியல் முடித்த பிள்ளை சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான். ஆளும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வட்டி விகிதத்தை எவ்வளவு குறைத்தாலும் இந்த வேலையின்மை குறையாது.

இனி பிலிப்ஸ். ஏ.டபிள்யூ. பிலிப்ஸ் நியூசிலாந்துக்காரர், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருந்தவர். பொருளாதாரத்தில் பணம் ஓடுவதைத் தண்ணீர் ஓடும் குழாய்களாகக் காட்டும் ஒரு இயந்திரத்தையே 1949-ல் செய்துவைத்தவர். 1958-ல் வெளிவந்த கட்டுரையில் 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டன் புள்ளிவிவரத்தை எடுத்து, வேலையின்மை குறைந்த வருடங்களில் கூலி வேகமாக ஏறியதைக் காட்டினார். கூலி என்பதைக் கவனியுங்கள், அவர் வரைந்தது விலையை அல்ல. 1960-ல் பொருளாதார அறிஞர்கள் சாமுவேல்சனும் சோலோவும் அதை அமெரிக்காவுக்குப் பொருத்தி, பணவீக்கத்துக்கும் வேலையின்மைக்கும் உள்ள உறவாக மாற்றி எழுதினார்கள். உங்கள் புத்தகத்தில் இருப்பது இந்த இரண்டாவது வடிவம். கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் கொஞ்சம் வேலை கிடைக்கும் என்று அரசுகள் அதைப் படித்துக்கொண்டன.

1960-களின் கடைசியில் மில்டன் ஃபிரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் தனித்தனியாக ஒரே ஓட்டையைக் காட்டினார்கள். காரைக்குடியில் வீடு கட்டும் ஒரு காண்ட்ராக்டரை வைத்துச் சொல்கிறேன். ஊரில் பணம் புழங்குகிறது, கட்டடத்துக்கு வாங்கும் விலையை அவர் ஏற்றிவிட்டார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போன வருடம் பேசிய கூலிதான். லாபம் கூடுவதால் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்கிறார். வேலையின்மை குறைகிறது, பணவீக்கம் கூடுகிறது, வளைகோடு சொன்னபடியே. ஆனால் வருடக் கடைசியில் கொத்தனார் மளிகைக் கடை பில்லைப் பார்க்கிறார். அடுத்த வருடமும் விலை ஏறும் என்று எதிர்பார்த்து அதற்கும் சேர்த்துக் கூலி கேட்கிறார். காண்ட்ராக்டரின் கூடுதல் லாபம் போய்விடுகிறது, சேர்த்த நாலு பேரும் வீட்டுக்குப் போகிறார்கள். விலையேற்றம் மட்டும் தங்கிவிடுகிறது. பழையபடி நாலு பேரைச் சேர்க்க வேண்டுமானால் கொத்தனார் எதிர்பார்த்ததைவிட வேகமாக விலை ஏற வேண்டும். ஆக, குறுகிய காலத்தில்தான் அந்தப் பேரம் நடக்கும். மக்களின் எதிர்பார்ப்பு மாறினால் வளைகோடே இடம் மாறிவிடும்.

அவர்கள் எழுதிச் சில வருடங்களில் அது நடந்தும் காட்டியது. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் ஏறக்குறைய 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் 1974-ல் பணவீக்கம் 11 சதவீதம், 1975 மே மாதத்தில் வேலையின்மை 9 சதவீதம். இரண்டும் சேர்ந்து ஏறின. தேக்க வீக்கம் என்று படிக்கிறீர்களே, அது இதுதான். நம் நாட்டில் எண்ணெயோடு வறட்சியும் சேர்ந்து, 1974-75-ல் மொத்த விலைப் பணவீக்கம் ஏறக்குறைய 25 சதவீதம் வரை போனது.

இது எண்ணெய் அரசியலில் மட்டும் நடப்பது இல்லை, வாணலிக்குப் பக்கத்திலும் நடக்கும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குச் சில வாரம் தடை போட்டது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. இந்த நிலையில் தேன்குழலும் சீப்புச் சீடையும் போட்டு விற்கும் ஒரு ஆச்சியின் கணக்கை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் விலை ஏறிவிட்டது, பாக்கெட் விலையை ஏற்றாமல் முடியாது. ஏற்றினால் இரண்டு பாக்கெட் வாங்குகிறவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார். மாவு பிசைய வரும் இரண்டு பெண்களில் ஒருவரை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். விலை ஏறியது, வேலை குறைந்தது, இரண்டும் ஒரே அடுப்படியில், ஒரே காரணத்தால். இதுதான் செலவு உந்து பணவீக்கம். மக்கள் கையில் பணம் அதிகமாகி, எல்லாரும் கூடுதலாகப் பலகாரம் கேட்டு, அதனால் விலை ஏறியிருந்தால் அது தேவை இழுப்பு. அப்போது ஆச்சி மூன்றாவதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருப்பார். விலை ஏறுவது இரண்டிலும் ஒன்றுதான். வேலை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்தால் காரணம் பிடிபடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில்: எண்ணெய் விலை இறங்கினாலோ, மழை நன்றாகப் பெய்து விளைச்சல் கூடினாலோ, இதே கதை திருப்பி நடக்கும். செலவு குறையும், விலையேற்றம் தணியும், ஆள் சேர்க்கவும் முடியும். இரண்டும் சேர்ந்து குறையலாம். பிலிப்ஸ் வளைகோட்டின் மேல் நகர்வது வேறு, வளைகோடே நகர்வது வேறு. தேர்வில் இந்த வித்தியாசத்தை எழுதினால் போதும்.

பணவாட்டத்துக்கு வருகிறேன் என்றேன். விலை இறங்கினால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் வரலாறே பதில். கீழ் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார்களின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பங்கு மிகப் பெரியது. 1930-ல் உலகப் பெருமந்தம் வந்து அரிசி விலை மளமளவென்று சரிந்தது. விவசாயி வாங்கிய கடன் ரூபாயில் இருந்தது, அது இறங்கவில்லை. விலை பாதியானால் அதே கடனை அடைக்க இரண்டு மடங்கு நெல் விற்க வேண்டும். அடைக்க முடியாமல் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. அவர்கள் கேட்டது பணம், வந்தது விற்க முடியாத நிலம். விவசாயிகள் நிலமிழந்து தவித்தார்கள், பகை வளர்ந்தது, 1942-ல் ஜப்பான் படையெடுப்போடு பெரும்பாலோர் எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். இங்கே பர்மாத் தேக்கில் எழும்பிய வீடுகளின் காலமும் அதோடு முடிந்தது. கொத்தனார், ஆசாரி, வீட்டு வேலைக்காரர் என்று அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்களின் பிழைப்பும் போனது. விலை சரிவதும் வேலை போவதும் கைகோத்து வந்த காலம் அது. மத்திய வங்கிகள் பணவீக்கத்துக்குப் பூஜ்யத்தை இலக்காக வைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டில் 2016 முதல் இலக்கு 4 சதவீதம், மேலே கீழே 2 சதவீதம் வரை போகலாம்.

அந்த இலக்கைப் பிடிக்க ரிசர்வ் வங்கியின் 6 பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு ரெப்போ விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை முடிவு செய்கிறது. கூடிப் பேசி வட்டியைத் தீர்மானிப்பது நமக்குப் புதிதில்லை. ரங்கூனில் நகரத்தார் மாதாமாதம் கோயிலில் கூடி, பணம் தட்டுப்பாடா தாராளமா என்று பார்த்து நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். பணக் கொள்கைக் குழுவினர் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை ஏற்றினார்கள், 2025-ல் படிப்படியாக 5.25-க்கு இறக்கினார்கள். வட்டி ஏறினால் கடன் வாங்கித் தொழில் விரிப்பவர் தயங்குவார், செலவு குறையும், விலையேற்றம் தணியும், ஆள் எடுப்பதும் தணியும். அமெரிக்காவில் 1979-ல் மத்திய வங்கித் தலைவராகப் பொறுப்பேற்ற பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் அருகே கொண்டுபோனார். 13 சதவீதத்தைத் தாண்டியிருந்த பணவீக்கம் 1983-ல் 4-க்குக் கீழ் வந்தது. நடுவில் 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் வேலை இழந்த தொழிலாளர்கள்.

ஒரே வீட்டுக்குள்ளேயே இந்த இழுபறி இருக்கிறது. பேங்க் டெபாசிட் வட்டியில் காலம் தள்ளும் ஆயாவுக்குப் பணவீக்கம்தான் எதிரி. 2023 ஜூலையில் பணவீக்கம் 7.44 சதவீதம். 7 சதவீத வட்டியில் டெபாசிட் போட்டிருந்தவரின் பணம் வாங்கும் சக்தியில் தேய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு வட்டி ஏறினால் நல்லது. வேலை தேடும் பேரனுக்கோ வட்டி இறங்கி, கம்பெனிகள் ஆள் எடுத்தால் நல்லது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்காது, அதில் நியாயம் பற்றிய தேர்வும் கலந்திருக்கிறது. தக்காளி, வெங்காயத்தால் ஏறும் விலைக்கு வட்டியை ஏற்றி மருந்து போடும்போது நான் கவலைப்படுகிறேன், ஏனென்றால் வட்டி தக்காளியை விளைவிக்காது. ஆனால் அந்த ஏற்றம் கூலிப் பேச்சுக்குள் நுழைந்து எதிர்பார்ப்பாக மாறிவிட்டால் கொத்தனார் கதை தொடங்கிவிடும் என்ற பயமும் நியாயமானதே.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். வேலையின்மை விகிதத்தோடு தொழிலாளர் படைப் பங்கேற்பு (மக்களில் எத்தனை பேர் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள் என்பது), சுயதொழில் பங்கு, இளைஞர் விகிதம் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். பணவீக்கத்தை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கணக்கிட்டு, அதே காலத்தில் கூலி எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் தெருவிலேயே ஒரு கணக்கெடுப்பு எடுங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும் கடந்த 7 நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா, இல்லையென்றால் வேலை தேடினாரா அல்லது கிடைத்தால் செய்யத் தயாரா என்று முதலில் கேளுங்கள். அடுத்ததாக எத்தனை நாள் வேலை, கையில் எவ்வளவு வந்தது, படித்த படிப்புக்கு ஏற்ற வேலையா என்று கேளுங்கள். முதல் கேள்விகளின் பதிலில் விகிதத்தைப் போடுங்கள், இரண்டாவதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கல்லூரியில் செயல்திட்டம் கேட்டால் இதையே கொடுக்கலாம். எண்களோடு அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.